எந்தப் பாசி?

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற ஒரே மழைதான் எல்லாவற்றையும் நிரப்புகிறது. ஆனால் தை பிறப்பதற்குள் ஊருக்குள் இருக்கும் ஊருணி திட்டுத்திட்டாகப் பச்சை கட்டிவிடுகிறது. ஊருக்கு வெளியே கண்மாயில் அதே மழைத்தண்ணீர் பங்குனி வரை பழுப்பாகவே கிடக்கிறது. காட்டுப்பக்கத்துக் கிணற்றில் அடி வரை தெரிகிறது. படி மட்டும் கால் வைத்தால் வழுக்குகிறது. பாளையம்பட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழி போகிறவர் மழை முடிந்த மாதங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்த வகைத் தண்ணீரையெல்லாம் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

இதில் எது நல்ல தண்ணீர்?

யாரைக் கேட்டாலும் விடை ஒன்றுதான்: கிணறு முதலில், கண்மாய் அடுத்து, ஊருணி கடைசி. காரணமும் கையோடு வரும். “பாசி புடிச்ச தண்ணி கெட்ட தண்ணி.” இந்த விடை பாதி சரி. தவறான பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

பாசியே இல்லாவிட்டால்?

ஒரு கண்மாயில் கெண்டையும் கெளுத்தியும் விரால் குஞ்சும் இருக்கின்றன என்றால், அவை எதைத் தின்று வளர்ந்தன என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். விரால் சின்ன மீனைத் தின்றது. சின்ன மீன் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற நீர்ப்பூச்சிகளைத் தின்றது. அந்தப் பூச்சிகள் பாசியைத் தின்றன. பாசி எதையும் தின்னவில்லை. வெயிலையும் தண்ணீரில் கரைந்த உப்புகளையும் கரியமில வாயுவையும் வைத்துத் தன்னைத் தானே கட்டிக்கொண்டது. நடுவில் எங்கு பிடித்தாலும் சங்கிலி பெரும்பாலும் பாசியில்தான் போய் முடிகிறது. பாசியே இல்லாத குளம் சுத்தமான குளம் அல்ல, மீன் இல்லாத குளம்.

ஆகவே பாசி இருப்பது நோயின் அடையாளமல்ல. கிணற்றுப் படியில் வழுக்குகிறதே, அதுவும் பாசிதான். விரலால் வழித்துப் பார்த்தால் காப்பிப் பொடி நிறத்தில் மெல்லிய பசை. அது அங்கே இருப்பதில் கவலைப்பட எதுவும் இல்லை.

பாசிக்கு வேர் கிடையாது, தோல் தடிப்புக் கிடையாது. பெரும்பாலானவை ஒற்றை உயிரணு. நிலத்துச் செடியாவது மண்ணின் ஆழத்தில் வேர்விட்டுத் தப்பிக்கும். பாசிக்குச் சுற்றியிருக்கும் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுதான் அதன் சாப்பாடு, அதுதான் அதன் நஞ்சு. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு தேவை, ஒவ்வொரு சகிப்பு. ஆகவே எந்தெந்த இனங்கள் ஒரு தண்ணீரில் செழிக்கின்றன என்று தெரிந்தால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லலாம். இப்படித் தான் வாழும் இடத்தின் நிலையைச் சொல்லும் உயிரைச் ‘சுட்டுயிரி’ என்று இந்த நூலில் அழைக்கப் போகிறேன்.

மூன்று கூட்டத்தார்

நம் நீர்நிலைகளில் பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல குலங்கள் இருக்கின்றன. மூன்றைத் தெரிந்துகொண்டால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதிக்குப் போதும்.

முதலாவது, பச்சைப் பாசி. கையில் எடுத்தால் ஈரத் தலைமுடி போல வழுக்கிக்கொண்டு வரும் நூற்பாசி இதில் சேர்த்தி. பள்ளிப் பாடத்தில் ஸ்பைரோகைரா என்று படித்திருப்பீர்கள். நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு திரியும் செனிடெஸ்மஸ், ஒற்றை உருண்டையான குளோரெல்லா ஆகியவையும் இந்தக் குலம்தான்.

இரண்டாவது, டயாட்டம். கிணற்றுப் படியில் வழித்த காப்பி நிறப் பசையில் பெரும்பகுதி இதுதான். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி மணலின் மூலப்பொருளான சிலிக்காவால், மூடி போட்ட டப்பா மாதிரி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் அந்தக் கூட்டின்மேல் வரிவரியாகத் துளைகள் தெரியும். வரிகளின் அமைப்பை வைத்தே இனம் பிரிக்கிறார்கள். கண்ணாடியும் சிலிக்காதான் என்பதால் இதைக் கண்ணாடிப் பாசி என்று சொல்லலாம்.

மூன்றாவது, நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி இருந்தாலும் பிறப்பால் பாக்டீரியா. ஆசிலடோரியா, மைக்ரோசிஸ்டிஸ் இரண்டும் இந்த வகை. இந்தக் குலத்தைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட பெரிய நூல் சென்னைக்காரருடையது: டி.வி. தேசிகாச்சாரி எழுதிய ‘சயனோபைட்டா’, 1959ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. உலகின் பல மூலைகளில் இன்றும் நீலப்பச்சைப் பாசிக்குப் பெயர் தேடுகிறவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். அவருக்கு முந்தைய தலைமுறையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசியியலுக்கு அடித்தளம் போட்டிருந்தார். அவர் பெயர் பின்னால் ஒருமுறை வரும்.

பெட்டியும் பற்று நோட்டும்

ஒரு நியாயமான கேள்வி எழலாம். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? நடுவில் பாசி எதற்கு?

போதாது. ஒரு மளிகைக் கடையின் நிலைமை தெரிய வேண்டுமென்றால் இந்த நிமிஷம் கல்லாப்பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. பற்று நோட்டைப் புரட்டுவது இன்னொரு வழி. ரசாயனச் சோதனை முதல் வகை, பாசி இரண்டாவது வகை. ராத்திரி ஒரு டேங்கர் செப்டிக் டேங்க் கழிவை வரத்துக்காலில் திறந்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் பிடிக்கிற பாட்டிலில் அது தெரியாமல் போகலாம். கழிவிலிருந்த சத்தை அதற்குள் பாசி உறிஞ்சி முடித்திருக்கும். தண்ணீரில் பாஸ்பேட் குறைவு என்று அறிக்கை வரும். ஊருணி பச்சைப் பசேலென்று நிற்கும். அறிக்கையும் பொய்யில்லை, பச்சையும் பொய்யில்லை. பாஸ்பேட் பாசியின் உடம்புக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஒரு நாளில் ஒன்று இரண்டாகும் இனங்கள் பாசியில் உண்டு. சில நாள் எடுத்துக்கொள்பவையும் உண்டு. எனவே கடந்த சில வாரங்களில் தண்ணீருக்கு நேர்ந்தது, இன்றைக்கு யார் யார் எத்தனை பேர் என்கிற கூட்டல் கணக்காக நிற்கிறது.

இதை முதலில் முறையாகச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். கோல்க்விட்ஸ் என்ற தாவரவியலாளரும் மார்சன் என்பவரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாக்கடை கலக்கும் ஆறுகளை ஆராய்ந்தார்கள். கழிவு விழும் இடத்தில் ஒரு கூட்டம், சற்றுக் கீழே வேறொரு கூட்டம், ஆறு தெளிந்தபின் இன்னொரு கூட்டம் என்று உயிர்கள் வரிசை மாறுவதைக் கண்டு 1908லும் 1909லும் பட்டியல் போட்டார்கள். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலைகளைத் தரம் பிரிக்கப் பாசியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து சட்டம்.

ஊருணி ஏன் பச்சை, கண்மாய் ஏன் பழுப்பு

பாசி வளர வெயில் வேண்டும், கரி வேண்டும், நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். வெயிலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. கரியும் நைட்ரஜனும் காற்றிலேயே இருக்கின்றன; காற்றின் நைட்ரஜனைப் பிடித்துப் பயன்படுத்தத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகள் உண்டு. பாஸ்பரஸ் மட்டும் காற்றில் இல்லை. அது மண்ணிலிருந்தோ நம்மிடமிருந்தோதான் வர வேண்டும். வழக்கமாகக் குளத்தில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

இதைக் கண்ணால் காட்டியவர் கனடாவின் டேவிட் ஷிண்ட்லர். ஒன்டாரியோவின் காட்டுக்குள் 226 என்று எண் போட்ட ஓர் ஏரியை 1973ல் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கரியும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சையானது, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கலாமா கூடாதா என்று நடந்த பெரிய வழக்காடலில் நூறு கட்டுரை செய்யாததைச் செய்தது.

ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கு மேல் உலர்ந்த பாசியை வளர்க்கும். ஓர் ஆள் ஒரு நாளில் வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமாராக ஒன்று, ஒன்றரை கிராம். அதில் பெரும்பங்கு சிறுநீரில் போகிறது. இதோடு சோப்பு, குளிப்பாட்டுகிற மாடு, கழுவுகிற பாத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இருக்கிற, வெளியேற வழியில்லாத ஊருணி பச்சையாவதற்கு வேறு மர்மம் தேவையில்லை. குடிதண்ணீர் ஊருணிக்குள் கால் நனைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, சோப்புப் போடக் கூடாது என்று இந்தச் சீமையில் பல ஊர்களில் கட்டுப்பாடு இருந்தது. தீட்டு, மரியாதை என்று அதற்கு என்ன காரணம் சொல்லியிருந்தாலும் பாஸ்பரஸ் வராமல் காத்ததும் அதுதான். குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்ததும் கட்டுப்பாடு தளர்ந்தது. சில ஊர்களில் ஊருணியே சாக்கடையின் கடைசித் தொட்டியாகிவிட்டது.

கண்மாயின் பழுப்பு வேறு கதை. கரிசலின் களித்துகள் மிக நுண்ணியது. காற்று வீசும்போதெல்லாம் ஆழமில்லாத தண்ணீர் அடி வரை கலங்குகிறது. கலங்கினால் லேசில் தெளியாது. பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளிய வைத்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். கலங்கலில் ஒரு சாண் ஆழத்துக்குக்கீழ் வெயில் இறங்காது. வயல் உரத்திலிருந்து பாஸ்பரஸ் தாராளமாகவே வந்திருந்தாலும் பாசிக்கு வெளிச்சம் இல்லை. ஆகவே பழுப்பான கண்மாய் சுத்தமானது என்று முடிவு கட்ட முடியாது. சத்து இருக்கிறது, விளக்கு இல்லை. காற்று ஓய்ந்து நாலு நாள் தெளிந்து நின்றால் கண்மாயும் பச்சை கட்டும். நிறத்தை நம்பி மார்க் போட்டால் ஏமாந்துபோவோம்.

ஒரு கணக்கு

எவ்வளவு பாசி என்பதை விட்டுவிட்டு எந்தப் பாசி என்று கேட்பது எப்படி என்று இப்போது செய்து பார்க்கலாம்.

அமெரிக்காவில் குடிநீர்ப் பாசிகளை ஆராய்ந்துவந்த மெர்வின் பாமர் 1969ல் ஒரு வேலை செய்தார். சாக்கடைத் தண்ணீரில் எந்தப் பாசிகள் தாக்குப்பிடிக்கின்றன என்று 165 ஆய்வாளர்கள் எழுதியவற்றைத் தொகுத்தார். அதிகம் பேர் அதிகமுறை குறிப்பிட்ட 20 பேரினங்களைப் பொறுக்கி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்தார். கூடுதல் மதிப்பெண் என்றால் அழுக்கைக் கூடுதலாகத் தாங்குகிற இனம். யூக்ளினாவுக்கும் ஆசிலடோரியாவுக்கும் 5. செனிடெஸ்மஸுக்கும் கிளாமிடோமோனாஸுக்கும் 4. குளோரெல்லா, கண்ணாடிப் பாசிகளான நிட்ஷியா, நாவிகுலா ஆகியவற்றுக்கு 3. ஃபேகஸுக்கும் சினெட்ராவுக்கும் 2. குளோஸ்டீரியம், கோம்போனீமா போன்றவற்றுக்கு 1. ஒரு துளியில் போதிய எண்ணிக்கையில் தென்படும் இனங்களின் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். 20ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கழிவு கடுமையாகக் கலந்திருக்கிறது. 15 முதல் 19 என்றால் கலந்திருக்கலாம். அதற்குக் கீழே என்றால் அவ்வளவு கவலை இல்லை.

கணக்குக்காக இரண்டு ஊருணிகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று, தெருவின் சாக்கடை போய் விழுவது. மற்றது, ஊருக்கு மேற்கே, தனக்கென்று தனி வரத்துக்காலோடு இருப்பது.

முதல் ஊருணியின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். முதலில் கண்ணில் படுவது யூக்ளினா: கதிர் வடிவில் பச்சை உடம்பு, ஒரு முனையில் சிவப்புப் புள்ளி, சாட்டை மாதிரி ஓர் இழையை வீசிக்கொண்டு பார்வைக்குள் நுழைந்து வெளியே ஓடுகிறது. அதன் பங்காளி ஃபேகஸ் இலை மாதிரித் தட்டையாக, முறுகிய வாலோடு சுழல்கிறது. ஆசிலடோரியாவின் இழை எதுவும் தள்ளாமலே தானாக முன்னும் பின்னும் நகர்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். செனிடெஸ்மஸ் நிறைய. குளோரெல்லா உருண்டைகள். நடுநடுவே நிட்ஷியா. கூட்டிப் பாருங்கள்: யூக்ளினா 5, ஆசிலடோரியா 5, செனிடெஸ்மஸ் 4, குளோரெல்லா 3, நிட்ஷியா 3, ஃபேகஸ் 2. மொத்தம் 22. சாக்கடை உறுதி.

இரண்டாவது ஊருணி. ஸ்பைரோகைராவின் இழைக்குள் பச்சைச் சுருள் ஓடுகிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது, பட்டியலிலேயே இல்லை. நடுவில் இடுப்பு வைத்த அழகான காஸ்மேரியம், அதற்கும் இல்லை. பிறைநிலா வடிவக் குளோஸ்டீரியம் 1. நாவிகுலா 3, சினெட்ரா 2, கோம்போனீமா 1. செனிடெஸ்மஸ் இங்கேயும் இருக்கிறது, 4. மொத்தம் 11.

ஒன்றைக் கவனியுங்கள். நாவிகுலாவும் செனிடெஸ்மஸும் அழுக்கைத் தாங்குபவை. ஆனால் அழுக்கில் மட்டும்தான் இருப்போம் என்று அவை அடம்பிடிப்பதில்லை. ஒரு கெட்ட பெயர்க்காரரை ஓர் இடத்தில் பார்த்ததாலேயே அந்த இடம் கெட்டதாகிவிடாது. யார் யார் சேர்ந்து இருக்கிறார்கள், யார் காணாமல் போனார்கள் என்பதுதான் செய்தி. முதல் ஊருணியில் காஸ்மேரியம் இல்லை என்பது யூக்ளினா இருக்கிறது என்பதைவிடக் குறைந்த சாட்சியம் அல்ல. பாமரின் கணக்கு இருப்பவரை மட்டுமே எண்ணுகிறது, காணாமல் போனவரை எண்ணுவதில்லை. அது ஒரு குறை.

யூக்ளினாவில் ஓர் இனம் வெறுங்கண்ணுக்கே வேடிக்கை காட்டும். காலையில் பச்சையாக இருக்கும் குட்டை உச்சிவெயிலில் செங்கல் நிறமாகி, சாயந்தரம் மறுபடி பச்சையாகும். உயிரணுவுக்குள் இருக்கும் சிவப்பு நிறமி வெயில் ஏறும்போது குடை மாதிரி மேலே பரவிப் பச்சையத்தைக் காக்கிறது. வெயில் இறங்கினால் நடுவில் சுருங்கிக்கொள்கிறது. சாணமும் மூத்திரமும் கலந்த ஆழமில்லாத குட்டைகளில் கோடையில் இது நடக்கும். யாரும் சாயம் ஊற்றவில்லை.

கணக்கு சறுக்கும் இடம்

இனி மூன்றாவதாக ஒரு குளம். நகரத்துக் கோயில் தெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே கட்டியான பச்சை ஏடு. கையில் அள்ளினால் ரவை ரவையாக இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே இனம், மைக்ரோசிஸ்டிஸ்: நுண்ணிய உருண்டைகள் நூற்றுக்கணக்கில் ஒரு வழுவழுப்பான பையில். மற்றவர்களைக் காணோம்.

பாமரின் மதிப்பெண்? அவருடைய பட்டியலில் அனாசிஸ்டிஸ் என்ற பழைய பெயர் ஒன்று உண்டு. மைக்ரோசிஸ்டிஸையும் அந்நாளில் பலர் அந்தப் பெயருக்குள் அடக்கினார்கள். அதற்கு 1. இருபதுக்கு ஒன்று! கணக்கின்படி இது நாம் பார்த்த மூன்றிலும் சுத்தமான தண்ணீர். கண்ணுக்குத் தெரிவதோ மூன்றிலும் மோசமானது.

கணக்குத் தப்பில்லை, கேள்வி வேறு. பாமர் கேட்டது, அழுகும் கழிவு எவ்வளவு என்று. மைக்ரோசிஸ்டிஸ் ஏடு சொல்வது, வருஷக்கணக்கில் சேர்ந்த சத்து வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று. பூவும் பாலும் விழுகிற, மிகுதித் தண்ணீர் வழிய கலுங்கு இல்லாத, பனிக்காலமே தெரியாத கோயில் குளம் அதற்கு ஏற்ற இடம். நம் நாட்டில் இதை வெகுமுன்பே கவனித்தவர் எஸ்.வி. கணபதி. மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலைப் பற்றி அவர் 1940ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். பாமரின் பட்டியல் வர இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. நம் கோயில் குளங்களின் பாடம் நம் கோயில் குளத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லலாம்.

மைக்ரோசிஸ்டிஸ் வெறும் அசிங்கமாக மட்டும் இருந்தால் தள்ளிவிடலாம். அதன் சில வம்சங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. மைக்ரோசிஸ்டின் என்று பெயர். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்க வைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரித் தண்ணீரில் இந்த நஞ்சு வந்ததால் சுமார் ஐந்து லட்சம் பேர் குழாயைத் திறக்க முடியாமல் சில நாட்கள் தவித்தார்கள். ஆடுமாடு வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு: ஆஸ்திரேலியாவின் ஓர் ஏரியில் இன்னொரு வகை நீலப்பச்சைப் பாசி ஏடு கட்டிய தண்ணீரைக் குடித்து ஆடுகளும் குதிரைகளும் செத்ததை 1878லேயே ஜார்ஜ் பிரான்சிஸ் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். நஞ்சுள்ள வம்சமா இல்லாததா என்று நுண்ணோக்கியால் சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் மாட்டை அந்தப் பக்கம் விடாமல் இருப்பதுதான் புத்தி.

சந்தேகம் வர நுண்ணோக்கி கூட வேண்டாம். ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். பச்சை இழை இழையாகக் குச்சியில் தொங்கினால் பெரும்பாலும் நூற்பாசி. குச்சியில் வண்ணம் பூசியது போல் மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, மூடி, இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். விடியும்போது பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே வளையமாக ஏடு கட்டியிருந்தால் அநேகமாக நீலப்பச்சை. அதன் உயிரணுக்களில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் உண்டு, அவைதான் மிதக்க வைக்கின்றன. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். தோல் அரிக்கும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதும் இதே ஏட்டின் வேலை. பகலில் ஆக்சிஜனை விடும் பாசி, இருட்டில் நம்மைப்போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அளவுக்கு மீறிப் பாசி இருந்தால் பொழுது விடிவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் நிற்கும். காலையில் மீன் செத்து மிதந்தால் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று சண்டை வருகிறது. சில சமயம் கலந்தும் இருப்பார்கள். ஆனால் முதல்நாள் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சண்டையை ஆரம்பிக்கலாம்.

வற்றும் தண்ணீருக்கு அளவுகோல்

இதுவரை சொன்ன பட்டியல்கள் எல்லாம் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் நாடுகளில் பிறந்தவை. நம் பக்கத்துக் குண்டாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. இங்குள்ள கண்மாய் கார்த்திகையில் நிரம்பி, தையில் பாதியாகி, பங்குனியில் மடைக்கு அருகே குட்டையாகி, சித்திரையில் வெடித்த களியாகிவிடும். தண்ணீர் குறையக் குறைய உப்பும் சத்தும் தடிக்கின்றன. மாசியில் 12 மதிப்பெண் வாங்கிய கண்மாய் பங்குனிக் கடைசியில் 20ஐத் தொடலாம், யாரும் ஒரு சொட்டுச் சாக்கடை விடாமலே. அதை மாசு என்பதா, வெயில் என்பதா?

இந்த ஒரு கேள்விக்காகவே இறக்குமதி அளவுகோலை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது என்று நினைக்கிறேன். செய்ய வேண்டியது, ஒரு கண்மாயை ஜெர்மன் ஆற்றோடு ஒப்பிடாமல் அதே கண்மாயின் போன வருஷத் தை மாதத்தோடு ஒப்பிடுவது. அதற்கு முதலில் யாராவது போன வருஷம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

உப்பு விஷயத்தில் கண்ணாடிப் பாசிகள் பாமர் பட்டியலைவிடக் கெட்டிக்காரர்கள். நன்னீரை விரும்பும் இனங்களும் உப்புநீரை விரும்பும் இனங்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. சாயத் தொழிலில் நூலில் சாயம் ஏற உப்பு ஏராளமாகப் போடுவார்கள். அந்த உப்பு எந்தச் சாக்கடைக் கணக்கிலும் தெரியாது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பது ஊரறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை விவகாரம் போனது. கைத்தறிச் சேலைக்கும் சாயத்துக்கும் பேர்போன அருப்புக்கோட்டைப் பக்கத்தில் வரத்துக்கால்களின் கண்ணாடிப் பாசியைக் கவனிப்பது வீண்வேலை ஆகாது.

தண்ணீர் வற்றினால் பாசி எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. தடித்த தோலுள்ள வித்தாகச் சுருங்கிக் களிக்குள் கிடக்கிறது. முன்பு சொன்ன ஐயங்கார் 1932ல் ஒரு புதுப் பாசியை விவரித்து, தன் ஆசிரியர் ஃபிரிட்ஷின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா டியூபெரோசா என்று பெயரிட்டார். வற்றிக்கொண்டிருக்கும் குட்டையின் ஈர வண்டலில், பாதி உடம்பை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு வாழ்வது அது. மேற்பகுதி காய்ந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற திரளிலிருந்து மறுபடி கிளம்பும். நீரிலிருந்து நிலத்துக்குச் செடிகள் ஏறியது எப்படி என்று பேசும் நூல்கள் வெகுகாலம் அதை மேற்கோள் காட்டின. வறண்ட குளத்தின் பாசிக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த பாசி அது என்று சொல்லலாம்.

களிக்குள் இருக்கும் பதிவு

பச்சைப் பாசியும் நீலப்பச்சையும் பெரும்பாலும் செத்தால் அழுகிவிடும். கண்ணாடிப் பாசியின் கூடு எளிதில் அழுகாது. அது அடியில் படிந்து, அதன்மேல் அடுத்த வருஷத்துக் கூடு படிந்து, ஏடு ஏடாக ஏறுகிறது. ஸ்காட்லாந்து ஏரிகளில் மீன் அழிந்தது தொழிற்சாலைப் புகையால் வந்த அமில மழையாலா, இயற்கையாகவா என்று சர்ச்சை நடந்தபோது, ஃபிளவர், பாட்டர்பீ என்ற இருவர் ஏரி அடியிலிருந்து மண்ணைக் குழாய் போட்டு எடுத்து அதிலிருந்த கண்ணாடிப் பாசியை ஏடு ஏடாக எண்ணினார்கள். அமிலம் விரும்பும் இனங்கள் தொழிற்புரட்சிக்குப் பின்தான் பெருகியிருந்தன. 1983ல் அது வெளியானது.

நம் கண்மாயில் இதைச் செய்ய ஒரு சிக்கல். கோடையில் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவது இங்கே வழக்கம். வயலுக்கு நல்லதுதான், ஆனால் நூறு வருஷப் பதிவும் வண்டியில் ஏறிப் போய்விடுகிறது. வெட்டுப்படாத பழைய ஊருணிகள், தெப்பங்களின் மூலைகள் ஆகியவற்றில் இன்னும் எஞ்சியிருக்கலாம். தூர்வார இயந்திரம் இறங்குவதற்கு முன் ஒரு சாண் குழாயில் மண் எடுத்து வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

இன்றைய பதிவை எடுப்பதோ இன்னும் எளிது. ஆய்வாளர்கள் ஆற்றுக் கல்லைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கழுவிய தண்ணீரை பாட்டிலில் பிடிக்கிறார்கள். கண்மாயில் கூழாங்கல் இல்லை. மடைக்கல் இருக்கிறது, படித்துறை இருக்கிறது, தாமரைத் தண்டு இருக்கிறது. எது கிடைத்தாலும் ஒவ்வொரு முறையும் அதையே தேய்க்க வேண்டும். இந்த முறை கல், அடுத்த முறை தண்டு என்று மாற்றினால் ஒப்பிட முடியாது. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, வெயில் படுகிற பக்கமாக. அதிலிருந்து முந்நூறு, நானூறு கூடுகளை எண்ணினால் போதும் என்பது வழக்கம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014ல் அறிவித்த ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி யூக்ளினாவையும் செனிடெஸ்மஸையும் காட்டிவிடும். கண்ணாடிப் பாசியின் வரிகளை எண்ண மட்டும் கல்லூரி ஆய்வகத்தின் எண்ணெய் லென்ஸ் வேண்டும். அதற்கு முன் கூடுகளை அமிலத்தில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அது பள்ளிப் பிள்ளைகள் செய்யும் வேலை அல்ல.

நாள் குறிப்பதில் ஒரு யோசனை. மாதத் தேதியை விட்டுவிட்டு மடைக்கல்லில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை வைத்து எடுங்கள்: கலுங்கு தாண்டி வழியும்போது ஒன்று, பாதி மடை தெரியும்போது ஒன்று, குட்டையாகும்போது ஒன்று. மழை பிந்திய வருஷமும் முந்திய வருஷமும் அப்போதுதான் ஒன்றோடு ஒன்று பேசும். பாட்டிலில் ஊர்ப்பெயரோடு மட்டத்தையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.